பி5 தொடக்க இல்லம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

ராக் வெத் நகரம், நான்காம் வார்டு மக்கள் குழுவின் துணைத் தலைவரும் நோய்த்தடுப்பு வழிநடத்தல் குழுவின் தலைவருமான திரு. ஹியெப்;

வார்டு சுகாதார நிலையப் பொறுப்பாளர் டாக்டர் லுவான்;

செந்தாமரை மழலையர் பள்ளித் தலைமை ஆசிரியை திருமதி டியெம்;

முன்னாள் படைவீரரும், ஒலிபெருக்கி, கொடிக்கம்பம், அலுவலகக் காவல் ஆகியவற்றின் பொறுப்பாளருமான திரு. லான்;

பெண்கள் சங்கம், முதியோர் சங்கம், இளைஞர் அணி முதலியவற்றின் சார்பில் எட்டுப் பேர்;

மாகாண நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வகத்திலிருந்து செல்வி உயென்;

கஞ்சி கொண்டுவந்தவர்: கிம் தோவா (எண்ணிக்கையில் சேராது).

எண்ணிக்கையில் சேராதவள் பதின்மூன்று கிண்ணங்களை மேசையில் வைத்து முடித்தபோது மணி ஏழே கால். எங்கள் வார்டில் ஏழு மணிக் கூட்டம் என்றால் கஞ்சி வந்ததும் தொடங்கும் கூட்டம் என்று பொருள். தோவாவின் பன்றிக் குடல் கஞ்சிக்காகவே சிலர் மூன்று சங்கங்களில் உறுப்பினராக இருந்தார்கள்.

ஹியெப் எழுந்து நின்றார். அவர் உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"தோழர்களே, கை, கால், வாய் நோய் விஷயத்துல இந்த வருஷம் நம்ம வார்டோட திட்டம் சி4 வகை வைரசுக்கு எதிரானது. ஜனவரியிலேயே ஒப்புதல் வாங்கியாச்சு. பதினாறு பதாகை அடிச்சாச்சு. ஒலிபெருக்கிக்குப் பாட்டும் தயார். இப்போ மாகாணத்துல இருந்து இந்தப் பொண்ணு வந்து, இது பி5-னு சொல்லுது."

"நான் சொல்லல, சித்தப்பா," என்றாள் உயென். எங்கள் ஊரில் வயதில் மூத்த ஆண்கள் எல்லாருமே சித்தப்பாக்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். மோட்டார் சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் மழையில் வந்த தலை இன்னும் காயவில்லை. "குழந்தைங்க தொண்டையில எடுத்தது சொல்லுது. உங்க வார்டுல பதினொரு சாம்பிள். பதினொண்ணும் பி5."

"மாத்த முடியாதா?"

"எதை?"

"வைரசை."

"அது தானாத்தான் மாறும்."

"எப்போ மாறும்?"

"மாறிடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

டாக்டர் லுவான் சமரசமாக இருமினார். அவர் யோசித்துப் பேசுபவர். யோசிப்பது எல்லாம் யாரையும் கோபப்படுத்தாமல் எப்படிப் பேசுவது என்பதைத்தான். "அறிக்கையில 'சி4 மற்றும் அதன் உறவினர்கள்'னு போட்டுக்கலாமே. பதாகையும் வீணாகாது."

"டாக்டர், வகையை ஏன் பார்க்கறோம்? போன தடவை ஓடினது வேற, இப்போ ஓடறது வேற. இது இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க உடம்புக்குப் பழக்கமில்லாதது. தூக்கத்துல தூக்கித் தூக்கிப் போடற குழந்தைங்க எத்தனை வரும், எத்தனை படுக்கை காலியா வைக்கணும்னு ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லணும். அதுக்குத்தான் சாம்பிள்."

ஹியெப் தலையாட்டினார். புரிந்துகொண்ட தலையாட்டல் அல்ல. மற்றவர் பேச்சு முடிந்ததா என்று பார்க்கும் தலையாட்டல்.

"சரி. பி5-ன்னே வெச்சுக்குவோம். நம்ம வார்டு பதினெட்டு வருஷமா 'பண்பாட்டு வார்டு'னு விருது வாங்கற வார்டு. இதுக்குள்ள பி5-ஐக் கொண்டுவந்தது யார்? முதல் வீடு எது? அதைக் கண்டுபிடிச்சு, வெளிப்படையா அறிவிக்கணும். டாக்டர், பதிவேட்டைப் பாருங்க. முதல்ல வந்தது யார்?"

லுவான் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டு போனார். "பதினாலாம் தேதி, காலை ஆறரை. ஆன் நியென், வயசு நாலு. இருபத்தேழாம் சந்து, நாலாம் எண்."

"அது என் மக, எங்க பாப்," என்றாள் தோவா, கையில் கஞ்சிக்கான முளைப்பயறுத் தட்டோடு.

பன்னிரண்டு கரண்டிகள் ஒரே நேரத்தில் கீழே வைக்கப்பட்டன. உயென் மட்டும் தொடர்ந்து சாப்பிட்டாள்.

"நான் முதல்ல வந்தேன்னா," என்றாள் தோவா, "முதல்ல பார்த்தேன்னு அர்த்தம். ராத்திரி முழுக்கப் பக்கத்துல உட்கார்ந்து எண்ணினேன். பன்னெண்டு தடவை தூக்கிப் போட்டுது. விடிஞ்சதும் ஓடிவந்தேன். மத்தவங்க ரெண்டு நாள் கழிச்சு வந்தாங்க. அவ்வளவுதான்."

"யாரும் உன்னைக் குறை சொல்லலம்மா," என்றார் ஹியெப். "முதல்ல வந்ததுக்கு நன்றி சொல்றோம். நன்றியைப் பலகையில எழுதி உன் வீட்டு வாசல்ல மாட்டப் போறோம்."

பதினான்காம் எண் முடிவு அன்றே கையெழுத்தானது. அதன் மூன்று பிரிவுகள்: பி5 தொடங்கிய வீட்டு வாசலில் பலகை தொங்கும். வேறொரு தொடக்கம் நிரூபிக்கப்படும்வரை அது இறங்காது. கிருமியுள்ளவர் இரண்டு முறை தொடர்ந்து 'இல்லை' என்று சோதனையில் வரும்வரை அந்த இடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. வீட்டிலுள்ள மற்றவர்கள் வெளியே போகலாம். அவர்களையும் அடைத்தால் அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பு வார்டுக்கு வந்துவிடும் என்று நிதிப் பிரிவு சுட்டிக்காட்டியிருந்தது.

பலகை சிவப்பு. எழுத்து மஞ்சள். நல்ல குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் 'பண்பாட்டுக் குடும்பம்' பலகைகளைச் செய்த அதே கடையில் செய்ததால் ஓரத்தில் தாமரைப் பூவும் இருந்தது. 'பி5 தொடக்க இல்லம்.' தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ விருது.

கிட்டே வந்து பார்த்தவர்கள் கிட்டே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு மின்கம்பத்து ஒலிபெருக்கி, வானிலைக்கும் நெல் விலைக்கும் நடுவே, தோவாவின் முகவரியை இரண்டு முறை வாசித்தது. லான் நல்ல குரல் உடையவர். தெளிவாக வாசிப்பார். எழுத்துப் பிசகு இருந்தால் அதையும் சேர்த்து வாசிப்பார்.

சந்தை வாசலில் தோவாவின் மேசையும் ஏழு சிவப்பு முக்காலிகளும் காலியாக இருந்தன. பத்து மணிக்குக் கஞ்சி இறுகிப்போய்க் கரண்டி நட்டமாக நின்றது. இரண்டாம் நாள் பாதி அளவு காய்ச்சினாள். மூன்றாம் நாள் கால் அளவு. ஐந்தாம் நாள் காய்ச்சவில்லை. சந்தை மேலாளர் நல்லவர்; அதனால் நேரில் வந்தே சொன்னார்.

"தோவா, பலகை இறங்கற வரைக்கும் நீ இங்க அடுப்பு பத்தவைக்கக்கூடாதுன்னு வார்டு சொல்லிடுச்சு. ஆனா சந்தைச் சட்டம் உனக்குத் தெரியாதது இல்ல. முப்பது நாள் அடுப்பு எரியாத இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும். தேங்காய்ப்பால் பணியாரம் சுடற பொண்ணு ஒருத்தி தினம் வந்து இடத்தை அளந்துட்டுப் போகுது."

"நாள் எண்ண ஆரம்பிச்சாச்சா?"

"நேத்துல இருந்து."

கணவன் மணல் படகில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை கரைக்கு வருவான். அந்த இடம் போனால் அடுத்த இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மீன் இறங்கு துறைக்குப் பின்னால். அங்கே கஞ்சி குடிப்பவர்கள் பூனைகள்.

பாப் அதற்குள் தேறிவிட்டாள். கொப்புளம் காய்ந்தது. ஐஸ் போட்ட மாவுச்சத்துக் கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டிருந்தவள், இப்போது அரிசி அப்பளத்தைக் கேட்டு அழுதாள். பள்ளிக்குப் போக வேண்டும் என்று வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோவா சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

"பிள்ளை நல்லா இருக்கு, டாக்டர். பள்ளிக்கூடத்துக்கு விடுங்க."

"நல்லா இருக்கறது வேற, கிருமி இல்லாம இருக்கறது வேற. மலத்துல வாரக்கணக்கா வந்துக்கிட்டிருக்கும். அதுல எடுத்து அனுப்பணும்." லுவான் ஒரு படிவத்தை நீட்டினார். "நாலு பிரதி. கடைசியில மாதிரி வழங்குபவரோட கையெழுத்து."

"மாதிரி வழங்கறது பாப்."

"அப்போ பாப் போடட்டும்."

"நாலு வயசு, டாக்டர்."

"உங்களோட மாதிரியா? இல்லையே. அடுத்தவங்க மாதிரிக்கு நீங்க கையெழுத்துப் போட்டா அது மோசடி."

பாப் நான்கு பிரதிகளிலும் வாத்து வரைந்தாள். இரண்டாம் பிரதியில் வாத்துக்கு மூன்று கால் இருந்ததால், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. இரண்டாம் முறை தோவா பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு கால்தான், கண்ணு, ரெண்டே கால்," என்று சொல்லிச் சொல்லி வரையவைத்தாள்.

அடுப்பு அணைந்த பதினைந்தாம் நாள் முடிவு வந்தது. பி5 இல்லை. தோவா காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"முழுசாப் படிங்க," என்றார் லுவான். "பி5 இல்லை. ஆனா 'ஏ6' இருக்கு. இது வேறொரு வகை. அதே நோயைக் கொண்டுவர்றதுதான், வேற குடும்பம். எங்கயோ புதுசா ஒட்டிக்கிட்டிருக்கு. ஒண்ணும் செய்யாது, நகம் உரிஞ்சாலும் உரியும், திரும்ப முளைச்சிடும்."

"வீட்டை விட்டே வெளிய விடல. எங்க இருந்து வந்து ஒட்டும்?"

லுவான் யோசித்தார். வாரந்தோறும் வீடு வீடாகக் கிருமிநாசினிப் பொடி கொடுக்கப் போகிறவர்கள், நோயுள்ள வீடுகளுக்கெல்லாம் போய்விட்டுக் கடைசியாகத்தான் இவள் வீட்டுக்கு வருகிறார்கள் என்பது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஏனென்றால், "பொடி தவறாம வருதில்ல?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் முதல் பலகைக்குக் கீழே இரண்டாம் பலகை ஏறியது. 'ஏ6 தொடக்க இல்லம்.' லான் அதை மாட்டும்போது சற்று மரியாதையோடு மாட்டினார். மாகாணத்திலேயே இரண்டு பலகை உள்ள வீடு இது ஒன்றுதான்.

இதற்கிடையே எங்கள் வார்டில் நோய் நின்றுவிட்டது. அதாவது சுகாதார நிலையத்துக்கு யாரும் வரவில்லை. தோவாவின் வாசலைப் பார்த்த எந்தத் தாயும் தன் வாசலில் தாமரைப் பூ தொங்குவதை விரும்பவில்லை. குழந்தைகளுக்கு நீளக்கை சட்டை போட்டுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையையும் பார்க்க வேண்டிய டியெம் டீச்சர், உள்ளங்கையைப் பார்க்காமல் பிள்ளையின் சட்டையைப் புகழ்ந்தார். எச்சில் ஒழுகியவர்கள் பல் முளைப்பதாகச் சொல்லப்பட்டது. ஆறு வயதுப் பையனுக்கும் பல் முளைத்தது. இரவில் திடுக்கிட்டவர்களை ஆற்றைத் தாண்டி அடுத்த மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு மழைக்கோட்டுக்குள் மறைத்து எடுத்துப் போனார்கள்.

மாகாண வரைபடத்தில் நான்காம் வார்டு பச்சையானது. பாராட்டுப் பத்திரம் வந்தது. ஹியெப் அதைச் சட்டம் போட்டு மாட்டி, அதன் கீழே நின்று பேசினார்.

"தோழர்களே, மத்த வார்டுக்காரங்க கேக்கறாங்க, எப்படி பூஜ்யம் கொண்டுவந்தீங்கன்னு. நான் ஒரே வார்த்தையில சொன்னேன்: எண்ணறதைச் சரியா எண்ணினா எல்லாம் குறையும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அதில் தவறாக எதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

இருபத்தோராம் நாள் உயென் வந்தாள். நேராகச் சந்தை வாசலுக்கு வந்து, இடத்துக்குக் காவல் இருந்த தோவாவுக்கு எதிரே காலி முக்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள்.

"ஒரு கிண்ணம், அக்கா."

"அடுப்பே பத்தவைக்கல, தங்கச்சி. வீட்டுல காய்ச்சினது தூக்குல இருக்கு. ஆனா அது ரெண்டு பலகை வீட்டுக் கஞ்சி."

"சூடு பண்ணினா எந்த வகையும் சாகும். கொடுங்க." சாப்பிட்டாள். கசப்புக்கீரையைக் கைநிறையப் பிய்த்துப் போட்டுக்கொண்டாள். "இதுக்கா அன்னைக்குக் கரண்டியைக் கீழ வெச்சாங்க? முட்டாப் பசங்க."

"பசங்க இல்ல, தோழர்கள்."

உயென் சிரிக்கவில்லை. "மூணு வாரமா உங்க வார்டுல இருந்து பாப்போடதைத் தவிர ஒரு சாம்பிள் வரல. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில உங்க வார்டுப் பிள்ளைங்க எட்டுப் பேர் படுத்திருக்காங்க, பொய் முகவரி குடுத்து. ஒண்ணுக்கு மூச்சுக்குழாய் வெச்சிருக்கு. ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா வேண்டியிருக்காது. நான் என்ன தெரிஞ்சு என்ன பண்ண? பச்சைக் கலர் அடிச்சிருக்கானுங்க."

தோவா தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டை மறுபடி துடைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் உயென். "முதல்ல வந்த பதினொரு பிள்ளைங்களோட வைரசையும் எழுத்தெழுத்தாப் படிச்சேன். ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர்னு வரிசையாப் போயிருந்தா, கையால பிரதி எடுக்கற மாதிரி, இங்கொண்ணு அங்கொண்ணு பிசகு சேர்ந்துக்கிட்டே போகும். இது பதினொண்ணும் அச்சு அசல். ஒரே ஆள்கிட்ட இருந்து, கிட்டத்தட்ட ஒரே நேரத்துல எல்லாருக்கும் வந்திருக்கு. பாப் யாருக்கும் கொடுக்கல. பாப்புக்கும் ஒருத்தர் கொடுத்திருக்காங்க. அந்தப் பதினொரு பிள்ளைங்களும் ஒண்ணா எங்க இருந்தாங்க?"

"பள்ளிக்கூடத்துல."

"வேற வேற வகுப்பு. நாலு பேர் பள்ளிக்கூடத்துக்கே போகாத பிள்ளைங்க."

தோவா தட்டை வைத்தாள். "கை கழுவற விழா."

பத்தாம் தேதி, திங்கட்கிழமை. வார்டு அலுவலக முற்றத்தில் எட்டுக் குழாய் வைத்த எஃகுக் கை கழுவும் மேடை திறக்கப்பட்டது. குழாய்களுக்குத் தண்ணீர் இணைப்பு அடுத்த கட்டத்தில் வருவதாக இருந்தது. எனவே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வைத்து, நாற்பது குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, ஹியெப் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தன் கையால் பிடித்து, ஆறு படிகளில், விரல் இடுக்குவரை கழுவிவிட்டார். தண்ணீர் ஒரே தண்ணீர். படம் எடுப்பவர் கேட்டுக்கொண்டதால் சிலருக்கு இரண்டு முறை.

"ஒரே தொட்டி," என்றாள் உயென்.

"ஒரே தொட்டி. ஒரே கை."

"அந்தக் கைக்கு அதுக்கு முன்னாடி என்ன வேலை?"

"எனக்கென்ன தெரியும். சனிக்கிழமைதான் கடலோர ஊருக்குப் படிப்புப் பயணம் போயிட்டு வந்தார். கை, கால், வாய் நோயை எப்படித் தடுக்கறதுன்னு கத்துக்க. அங்க ஒரு மழலையர் பள்ளியில பிள்ளைங்களைத் தூக்கிவெச்சு எடுத்த படம் கைபேசியில வார்டோட ஸாலோ அரட்டைக் குழுவுல வந்துச்சே."

உயென் கைபேசியை எடுத்து எதையோ பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "கடலோர ஊர்ல இருந்து வந்த சாம்பிளும் இதுவும் ஒண்ணு, அக்கா. இடையில ஒரே எழுத்துதான் வித்தியாசம். ஆனா ஹியெப் சித்தப்பாவோட சாம்பிள் இல்லாம நான் எதையும் எழுத முடியாது. அவர்கிட்ட போய், ஒரு டப்பாவுல கொஞ்சம் கொடுங்கன்னு நான் கேட்டா, அடுத்த வாரம் நான் தீவுல கொசு எண்ணிக்கிட்டிருப்பேன்."

"நான் கேக்கறேன்," என்றாள் தோவா.

வார்டு அலுவலகத்தில் அன்று ஒரு சிக்கல் ஓடிக்கொண்டிருந்தது. மாகாணத் திட்டப்படி ஒவ்வொரு வார்டும் மாதம் பன்னிரண்டு மாதிரிகள் அனுப்ப வேண்டும். அனுப்பாத வார்டுக்கு மதிப்பெண் குறையும். நோயாளி பூஜ்யம் என்பதால் மாதிரியும் பூஜ்யம். பாராட்டுப் பத்திரத்தைக் காப்பாற்ற நோயாளி இருக்கக்கூடாது. மதிப்பெண்ணைக் காப்பாற்ற மாதிரி இருக்க வேண்டும். ஹியெப் தாமரைத் தேநீரைக் குடித்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோவா உள்ளே வந்தாள்.

"பலகை பத்தின்னா பேசாதே," என்றார்.

"பலகை பத்தி இல்ல, சித்தப்பா. ஜனங்க பேசிக்கறது காதுல விழுந்துச்சு. சாம்பிள் கொடுக்கறது அவமானம்னு நினைக்கறாங்க. எனக்கு எழுத்து வாசிப்புக் குறைவு. ஆனா பெரியவங்க நீங்களே முன்னாடி நின்னு கொடுத்தா, அது அவமானம் இல்ல, பண்பாடுன்னு புரிஞ்சுக்குவாங்க. குழுவுல பன்னெண்டு பேர்தானே இருக்கீங்க?"

ஹியெப் கோப்பையைக் கீழே வைத்தார். பன்னிரண்டு என்ற எண் அவர் முகத்தில் மெதுவாகப் பரவியது.

"தோவா, உனக்குள்ள ஒரு அரசு ஊழியர் ஒளிஞ்சிருக்கார்."

'தலைமை முன்மாதிரி மாதம்' இரண்டே நாளில் தொடங்கியது. மேடை, பதாகை, பூந்தொட்டி. பன்னிரண்டு மூடியிட்ட டப்பாக்கள் வெல்வெட்டு விரித்த தட்டில் பதவி வரிசையில் வந்தன. ஒவ்வொன்றிலும் பெயர், பொறுப்பு, சேர்ந்த ஆண்டு. ஹியெப்பின் டப்பா முதலாவது, கொஞ்சம் பெரியது. அவர் பேசினார்.

"தோழர்களே, ஒரு தலைவன் மக்களுக்கு எதைத் தர முடியும்? தன்னிடம் இருக்கறதைத்தான் தர முடியும். நான் எதையும் மறைக்கல. எனக்குள்ள என்ன இருக்குன்னு மாகாணம் பார்க்கட்டும்."

முதியோர் சங்கத்துக்காரருக்கு மலச்சிக்கல். அவருடைய டப்பா மாலையில் தனியாக வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

உயென் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. முகக்கவசம் போட்டிருந்தாள்.

இருபத்தொன்பதாம் நாள் முடிவு அறிவிக்கும் கூட்டம். ஹியெப்பின் விருப்பப்படி அது ஒலிபெருக்கியில் நேரடியாகப் போனது; முற்றத்தில் வார்டே நின்றது. தொடக்க இல்லத்தின் சார்பில் தோவாவுக்கும் அழைப்பு இருந்தது. அடுத்த நாள் சந்தை இடம் பணியாரக்காரிக்குப் போகும். அவள் அடுப்பையே கொண்டுவந்து பக்கத்துக் கடையில் வைத்திருந்தாள்.

"பன்னெண்டு மாதிரி," என்று படித்தாள் உயென். "பதினொண்ணுல எதுவும் இல்லை. ஒண்ணுல பி5. எண் ஒண்ணு."

"ஆண்டு வாரியாவா, பதவி வாரியாவா?" என்று கேட்டார் ஹியெப்.

"டப்பா வாரியா, சித்தப்பா. உங்க டப்பா."

மின்விசிறி சுற்றுவது ஒலிபெருக்கி வழியாக வார்டு முழுக்கக் கேட்டது.

"பெரியவங்களுக்கு நோய் காட்டாது. கிருமி மட்டும் இருக்கும்," என்று தொடர்ந்தாள். "நீங்க படிப்புப் பயணம் போன பள்ளியோட வைரசும், உங்களோடதும், பதினொரு பிள்ளைங்களோடதும் ஒரே கிளை. கடலோர ஊர், நீங்க, தொட்டி, பிள்ளைங்க. இது மலத்துல இருக்கற கிருமி. அது கைக்கு எப்படி வந்துச்சுன்னு நான் எழுதல. அது ஆய்வக வேலை இல்ல."

முற்றத்தில் யாரோ இருமினார்கள். இருமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பாக மாறிப் பின் வாயைப் பொத்திக்கொண்டது.

"அப்போ வேறொரு தொடக்கம் நிரூபணமாயிடுச்சு," என்றாள் தோவா. "ரெண்டாம் பிரிவு."

ஹியெப் எழுந்தார். இத்தனைக்கும் நடுவில் அவர் பயந்தது ஒன்றுக்குத்தான்: தன் வீட்டு வாசலில் பதினெட்டு ஆண்டுகளாகத் தொங்கும் பண்பாட்டுக் குடும்பப் பலகை. அதன் பக்கத்தில் இன்னொன்று வரக்கூடாது. மற்றபடி பேச்சு என்பது அவருக்கு எப்போதும் வழி கொடுத்த ஆறு.

"தோழர்களே, அவசரப்படாதீங்க. ஒரு சாதாரண ஆளுக்குள்ள வைரஸ் போனா அது நோய். ஒரு ஊழியருக்குள்ள அரசுப் பயணத்துல போனா அது கள அனுபவம். இதுல குடும்பத்துக்குப் பங்கு இல்லை. எழுதிக்குங்க, லான்: துணைத் தலைவர் பயணத்துல இருந்து திரும்பினதும் வீட்டுக்கே போகலை. நேரா அலுவலகம். அன்னைக்கு இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் அலுவலகத்துலதான் தங்கி, தூங்கி, வேலை பார்த்துக்கிட்டிருக்கார். ஆகவே பி5 தங்கியிருக்கற இடம் இந்த அலுவலகம்."

"அப்போ பலகையை எங்க மாட்டறது?" என்று கேட்டார் லுவான்.

"இங்க. இந்தக் கதவுல. நாம எதையும் மறைக்கலைன்னு மாகாணம் தெரிஞ்சுக்கட்டும்."

பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் கைதட்டினார்கள். லான் எழுதி முடித்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒலிவாங்கியில் அதை முழுவதும் தெளிவாக வாசித்தார். முத்திரை குத்தினார். பிறகு பதினான்காம் எண் முடிவை எடுத்து மூன்றாம் பிரிவையும் வாசித்தார்.

"கிருமியுள்ளவர் ரெண்டு முறை தொடர்ந்து 'இல்லை'ன்னு வர்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு வெளியே வரக்கூடாது."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்கு, லான்," என்றார் ஹியெப்.

"உங்க கையெழுத்து இருக்கு, தோழர். நாலு வயசுப் பிள்ளையை நாலு வாரம் அடைச்சு வெச்சோம். அப்போ பேச்சுக்குன்னு நீங்க சொல்லலையே."

"சோதனைக்கு எத்தனை நாள்?" என்று உயெனைப் பார்த்துக் கேட்டார் ஹியெப். குரல் முதல்முறையாக உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணுக்கு ஆறேழு நாள். படிவத்துல கையெழுத்து ஒத்துப்போனா."

சங்கங்கள் எழுந்தன. பி5 தங்கியிருக்கும் இடத்தில் தாங்கள் இருப்பது அவர்களுக்கு ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. லுவான் கைபேசியில் யாரோ அழைப்பதாகப் பாவனை செய்தபடி முதலில் போனார். டியெம் டீச்சர் போகிற போக்கில் தன் உள்ளங்கையைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

தோவா வீட்டுக்கு ஓடி, கரண்டிக் காம்பால் இரண்டு பலகைகளையும் நெம்பி எடுத்தாள். ஏ6 பலகையை இறக்கவும் பாப்பை வெளியே விடவும் உத்தரவு இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. ஏ6 பலகை அன்று மாலை அடுப்புக்குப் போனது. பி5 பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பாப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினாள். வழியில் பக்கத்துச் சந்துக்காரி ஒருத்தி அவளை நிறுத்தினாள். அவள் மகனுக்கு நீளக்கை சட்டை.

"தோவா அக்கா, உள்ளங்கையில ரெண்டு மூணு இருக்கு. நேத்து ராத்திரி தூக்கிப் போட்டுச்சு. கூட்டிட்டுப் போனா பலகை மாட்டுவாங்களா?"

"பலகை ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு ஆள் கிடைச்சாச்சு. ஓடு. உயென் இன்னும் கிளம்பல."

அவள் ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று நீளக்கை சட்டைகள்.

அலுவலக வாசலில் லான் ஆணியோடு தயாராக நின்றார். தோவா பலகையைப் பிடித்துக்கொள்ள அவர் நான்கே தட்டில் ஆணியை அறைந்தார். பக்கத்தில் இளைஞர் அணி சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஹியெப்பின் மனைவி வந்து இறங்கினார். ஒலிபெருக்கியை அவரும் கேட்டிருந்தார். ஒரு கையில் தலையணை, மறு கையில் மடித்த கொசுவலை.

"ஆறு வாரமா இங்கதான் தூங்கறாராமே," என்றார். "அப்போ என் பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டது யாருன்னு வீட்டுல போய்ப் பார்க்கணும். இதைக் கொடுத்துடுங்க, லான் அண்ணே. பாவம், கொசுவலை இல்லாம எப்படித் தூங்கினாரோ."

"பலகையைப் பார்த்துக்கிட்டு நிக்காதே," என்றது உள்ளிருந்து ஹியெப்பின் குரல். "நான் வெளிய வந்து விளக்கறேன்."

"உள்ள இருந்தே விளக்குங்க," என்றார் மனைவி. "ஒலிபெருக்கி இருக்கே."

தோவா பாப்பை இறக்கிவிட்டாள். மணி பதினொன்று. சந்தை மேலாளர் சாப்பாட்டுக்குப் போகும் முன் அடுப்பு புகைந்தால் போதும். இன்று எரிந்தாலும் எரிந்த நாள்தான். பாப் சந்தைப் பக்கமாக ஓட, அவளைத் துரத்திக்கொண்டு தோவாவும் ஓடினாள்.

ஹியெப் வாசல்வரை வந்துவிட்டார். ஒரு கால் நிலைப்படியில் இருந்தது. லான் விறைப்பாக நின்று, படையில் கற்றுக்கொண்ட மாதிரி வலதுகையை நெற்றிக்கு வைத்தார். பழக்க தோஷத்தில் ஹியெப்பும் ஓரடி பின்னால் எடுத்து வைத்து, பதில் வணக்கம் செலுத்தினார். லான் தலையணையையும் கொசுவலையையும் அவர் கைகளில் திணித்து, கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டு விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.